ஒன்றாம் நம்பர் சார்

“மேடம், ரெண்டாம் நம்பர் சாரு ஒண்ணாம் நம்பர் சாரோட சம்சாரத்தத் தேடுதாரு. லைன் ரெண்டும் கலங்கிக் கெடக்கு. நீங்க ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருங்க.”

நர்ஸ் தங்கபுஷ்பம் போனில் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். காலைக் காபிக்கு முன்னால் யார் யாருடைய சம்சாரத்தைத் தேடினாலும் எனக்கு விளங்காது. காபி குடித்துவிட்டு யோசித்தேன். அப்போதும் விளங்கவில்லை.

என் பெயர் சங்கரவடிவு. திருநெல்வேலியைச் சுற்றியுள்ள சின்ன ஆஸ்பத்திரிகளில் லினக்ஸ் என்கிற மென்பொருளில் ஓடுகிற மெஷின்கள் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். லினக்ஸ் யாருக்கும் சொந்தமில்லாதது. யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் திருத்தியவர்கள் எல்லோரும் போன பிறகு நிற்பது நான்தான். வாய் கொஞ்சம் நீளம் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. வேலை தெரிந்தவள் என்றும் சொல்வதால் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, தூத்துக்குடி ரோட்டில் இருக்கிறது நிழல் இல்லம். அங்கே அப்போது இரண்டே நோயாளிகள். இருவருக்கும் ஒரே மாதிரி நிலைமை. மூளைத்தண்டில் அடிபட்டு ஒரு விரல்கூட அசையாது. கண் திறக்காது, காதும் போய்விட்டது. மூச்சை மெஷின் விடும். ஆனால் உள்ளே புத்தி மட்டும் முழுசாக விழித்துக்கொண்டிருக்கும்.

அவர்களுக்காகத்தான் பேச்சுப்பெட்டி. ஆளுக்கொரு சில்லு, அதாவது சின்ன சிப், கபாலத்துக்குள் வைத்திருக்கிறது. பக்கத்து அறையில் இருக்கிற பெட்டிக்குள் ஆளுக்கொரு கார்டு. அந்தந்தக் கார்டு அதன் ஜோடிச் சில்லோடு மட்டும் ரேடியோவில் பேசும், கம்பி கிடையாது. உறவுக்காரர்கள் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து மைக்கில் பேசினால், பேச்சின் அர்த்தம் மட்டும் நோயாளியின் மூளைக்குப் போகும். குரல் போகாது. அவர் மனசில் சொல்கிற பதில் கூண்டில் உள்ள ஸ்பீக்கரில் வரும். அதற்கு இலவசமாகக் கிடைத்த ஓர் ஆண் குரலைப் போட்டிருந்தார்கள். இருவருக்கும் அதே குரல்தான். எந்த ஊர்க்காரர் எப்படி நினைத்தாலும் செய்தி வாசிக்கிற தமிழில்தான் வெளியே வரும்.

நான் போனபோது ஒன்றாம் நம்பர் கூண்டுக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மாம்பழக் கலர் பட்டுச்சேலை, தலை நிறையப் பூ. கல்யாணத்துக்குக் கிளம்பியவர் வழிதவறி இங்கே வந்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

“மரகதம் அம்மா. ஒண்ணாம் நம்பர் வேலாயுதம் சாரோட சம்சாரம்,” என்று தங்கபுஷ்பம் என்னை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னாள். “இன்னைக்கு சாயங்காலம் அவருக்கு மூச்சு மெஷின நிறுத்துதாங்க. அவரே கேட்டுட்டாரு. அதான் அம்மா அவருக்குப் பிடிச்ச சேலையக் கட்டிட்டு வந்திருக்காங்க. அவரு பாக்க மாட்டாருன்னு தெரிஞ்சும்.”

சட்டம் வந்தது தெரியும். பேச்சுப்பெட்டி வழியாக நோயாளி, டாக்டர் முன்னிலையில், வெவ்வேறு நாட்களில் மூன்று தடவை கேட்டால், வீட்டாரும் சம்மதித்தால், நிறுத்தலாம். பேப்பரில் படிப்பது வேறு, பட்டுச்சேலையோடு ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பது வேறு.

“சரி, என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“அதுவா? தெனமும் காலைல ரெண்டு கூண்டுலயும் போயி ‘வலி இருக்கா சார்’னு கேப்பேன். ரெண்டாம் நம்பர் பிரான்சிஸ் சாரு ஒரு மாசமா ‘மரகதம் எங்கே, மரகதம் எங்கே’ன்னு கேட்டாரு. அவருக்குக் கல்யாணமே ஆகல மேடம். ‘அப்படி யாரும் இங்க உங்களப் பாக்க வரதில்லையே சார்’னு சொல்லிச் சொல்லிப் பாத்தேன். இப்ப கேக்கதையும் நிறுத்திட்டாரு. அந்த லைன்ல பேசுறது இந்த லைன்ல விழுதுன்னு நெனச்சேன்.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நடக்கத்தான் வழியில்லை. இரண்டு கார்டும் வெவ்வேறு பூட்டுப் போட்ட கதவு மாதிரி. ஒன்றின் பேச்சு இன்னொன்றில் சிந்தாது. இரண்டாம் கூண்டுக்குள் போய் மைக்கைப் போட்டேன்.

“சார், மெஷின் பாக்க வந்திருக்கேன். உங்க பேரு என்ன?”

“வேலாயுதம்,” என்றது ஸ்பீக்கர்.

எழுந்து ஒன்றாம் கூண்டுக்கு ஓடினேன். அதே கேள்வியைக் கேட்டேன். இங்கே பதில் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“வேலாயுதம்,” என்றது அதே குரல்.

அதற்குள் டாக்டர் பீர்முகம்மது வந்துவிட்டார். நல்ல மனுஷர். ராத்திரி பகல் பார்க்காமல் உழைப்பவர். ஆனால் எதற்கெடுத்தாலும் பயம்.

“பாத்தீங்களா? ஒரே பேர் ரெண்டுலயும் வருது. லைன் கலந்துதான் போச்சு,” என்றார்.

“கலக்காது டாக்டர்.”

“அப்போ எப்படி ரெண்டு வேலாயுதம்?”

“அதான் எனக்கும் தெரியல.”

தெரியவில்லை என்று சொல்வது எனக்குப் பிடிக்காத காரியம். பேச்சுப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்து திரையைத் திறந்தேன். இரண்டு கார்டும் இருந்தன. இரண்டுக்கும் பெயர் இருந்தது. இரண்டும் ஆரோக்கியமாக ஓடிக்கொண்டிருந்தன. எல்லாமே சரியாக இருக்கிற மெஷினைப் போல எரிச்சலூட்டுவது உலகத்தில் இல்லை. எங்கே கை வைப்பது?

டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, “கார்டுக்குப் பேரை யாரு வைக்கிறது?” என்று கேட்டார்.

“சிஸ்டம்தான். பழைய காலத்துல பவர் வந்ததும் எந்தக் கார்டு முதல்ல முழிக்குதோ அதுக்கு ஜீரோன்னு பேரு, அடுத்ததுக்கு ஒண்ணு. பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. கரண்ட் போய் வந்தா பேரு மாறிடும். இன்னைக்கு ஜீரோவா இருந்தது நாளைக்கு ஒண்ணு.”

“ஐயோ. அப்போ அதுதான்...”

“இல்ல. இது அப்படி இல்ல. இங்க உட்கார்ந்திருக்கிற இடத்த வச்சுத்தான் பேரு. மேல் ஸ்லாட்ல இருக்கிற கார்டு ஒண்ணாம் நம்பர், கீழ் ஸ்லாட்ல இருக்கிறது ரெண்டாம் நம்பர். எது முந்தி முழிச்சாலும் பேரு மாறாது. ஒண்ணாம் நம்பர் பேரு ஒண்ணாம் கூண்டோட சேரும். அவ்வளவுதான்.”

“சரியாத்தானே இருக்கு?”

“சரியாத்தான் இருக்கு.” அதுதான் வயிற்றெரிச்சல்.

ஒரு முறை மெஷினை நிறுத்திப் போட்டேன். அதே பெயர்கள் வந்தன. இன்னொரு முறை போட்டேன். மாற்றமில்லை. கடைசியில், எதுவும் தோன்றாதபோது எல்லோரும் செய்வதைச் செய்தேன். ஒன்றைப் பிடுங்கிவிட்டு எது சாகிறது என்று பார்ப்பது.

அப்படித்தான் எங்கள் தொழிலில் சொல்வோம். அன்றைக்கு அந்த வார்த்தை வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

“சிஸ்டர், படுக்கை ரூமுக்குப் போங்க. தலைமாட்டுல பச்சை லைட் இருக்குல்ல, சில்லு பேசுதுன்னு காட்டுற லைட்டு? நான் ஒண்ணாம் நம்பர் லைன நிறுத்துறேன். ஒண்ணாம் நம்பர்ல அணையுதான்னு பாத்துச் சொல்லுங்க.”

தங்கபுஷ்பம் போனாள். நான் நிறுத்தினேன்.

“அணைஞ்சுதா?”

“இல்ல மேடம். எரியுது.”

“நல்லாப் பாருங்க.”

“நல்லாத்தான் பாக்கேன். வேலாயுதம் சாருக்கு எரியுது.” செருப்புச் சத்தம் அடுத்த படுக்கைக்குப் போயிற்று. “மேடம், பிரான்சிஸ் சாருக்குல்ல அணைஞ்சிருக்கு!”

நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு கார்டுகளிலும் நெற்றிப் பொட்டு மாதிரி சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

தங்கபுஷ்பம் வாசலில் வந்து நின்றாள். அவளாகவே சொன்னாள்.

“ஆயுத பூஜைக்கு வச்சது மேடம். பெட்டிக்கு வெளிய வச்சாப் போதும்னுதான் டாக்டர் சொன்னாரு. இந்தச் சாமான்தானே ரெண்டு பேருக்கும் வாயும் காதும், அதுக்கு வைக்காம தகரத்துக்கு வச்சு என்ன புண்ணியம்னு நாந்தான் கழத்தித் தொடச்சேன். தட்டுல வச்சு சூடம் காட்டிட்டுத் திரும்ப மாட்டுனேன். ரெண்டும் ஒரே மாதிரில்லா இருந்துச்சு. மாட்டுனதும் லைட்டு எரிஞ்சிச்சு. வேல செஞ்சிச்சு.”

வேலை செய்தது. அதுதான் வினை. மேலே இருந்த கார்டு கீழே போயிற்று, கீழே இருந்தது மேலே வந்தது. இடத்தை வைத்துப் பெயர் வைக்கிற சிஸ்டம், மேலே வந்தவரை ஒன்றாம் நம்பர் என்று கூப்பிட்டது. மேலே வந்தவர் பிரான்சிஸ். அன்றிலிருந்து மரகதம் அம்மா ஒன்றாம் கூண்டில் உட்கார்ந்து பேசியதெல்லாம் பிரான்சிஸுக்குப் போயிருக்கிறது. வேலாயுதம், யாரும் எட்டிப் பார்க்காத இரண்டாம் நம்பர் லைனில் கிடந்திருக்கிறார்.

தங்கபுஷ்பத்தைத் திட்ட வேண்டும் என்று வாய் துடித்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. பக்தியோடு செய்த காரியம் இப்படி ஆகும் என்று யார் கண்டார்கள்?

“டாக்டர்,” என்றேன். “வேலாயுதம் சார் மூச்ச நிறுத்தச் சொல்லிக் கேட்டது எப்போ?”

“முதல் தடவை தீபாவளிக்கு முந்தின வாரம்.” சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. “மூணு தடவையும் ஆயுத பூஜைக்குப் பிறகுதான். நான்தான் கேட்டேன். ‘வேலாயுதம் அவர்களே, இது உங்க சொந்த விருப்பமா’ன்னு பேரச் சொல்லிக் கேட்டேன். ஆமாம்னு சொன்னாரே...”

அப்படித்தான் அந்தப் பெயர் பிரான்சிஸுக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். கேட்டவர் ஒருவர், சாயங்காலம் மூச்சு நிற்கவிருந்தது இன்னொருவருக்கு.

டாக்டர் கதவைச் சாத்தினார். “சங்கரவடிவு, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. பேரச் சரி பண்ணிடுங்க. சாயங்காலத்து ஏற்பாட்ட நான் நிறுத்திடுறேன், காரணம் ஏதாவது சொல்லிக்கிறேன். இது வெளிய தெரிஞ்சா இல்லத்தையே மூடிடுவாங்க. இவங்க ரெண்டு பேரும் எங்க போவாங்க?”

“வெளிய இருக்கிற அம்மாவுக்கு என்ன சொல்வீங்க? அவங்க இத்தன நாளா யாரோ ஒருத்தர்கிட்ட அழுதிருக்காங்க. நாளைக்கு உள்ள போனா வேற ஆளு பேசுவாரு. புருஷனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு நெனப்பாங்க. அதுக்கும் நீங்க ஒரு மாத்திரை எழுதிக் குடுப்பீங்க.”

என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த இரண்டு பேருக்கும் வேறு இடமில்லை என்று அவர் சொன்னது பொய் இல்லை.

ஒவ்வொரு கார்டுக்கும் ஃபாக்டரியிலேயே பொறித்த எண் ஒன்று உண்டு. எங்கே மாட்டினாலும் அது மாறாது. இந்த எண் உள்ள கார்டு எந்த ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் ஒன்றாம் நம்பர், அந்த எண் உள்ளது எங்கே இருந்தாலும் இரண்டாம் நம்பர் என்று ஒரு சின்ன விதி எழுதினேன். இரண்டு வரிதான். அந்த இரண்டு வரி இல்லாமல் ஒரு மனுஷன் சாகப் பார்த்தார். மெஷினைத் திரும்பப் போட்டு, பச்சை விளக்கை மறுபடி சரிபார்த்தோம். இந்தத் தடவை ஒன்றாம் நம்பரை நிறுத்தினால் வேலாயுதத்துக்கு அணைந்தது.

டாக்டர் ஒன்றாம் கூண்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன்.

“சார், டாக்டர் பேசறேன்.”

“டாக்டர்,” என்றது ஸ்பீக்கர். “மரகதத்துக்குக் காரியங்கள் எல்லாம் முறையாக நடந்தனவா?”

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

“யார் சொன்னாங்க உங்களுக்கு, அவங்க இறந்துட்டாங்கன்னு?”

“யாரும் சொல்லவில்லை. அவள் வரவில்லை. உயிரோடு இருந்தால் வராமல் இருக்க மாட்டாள்.”

டாக்டர் அடுத்ததைக் கேட்டார். “நீங்க... மூச்சு மெஷின நிறுத்தச் சொல்லிக் கேட்டதுண்டா?”

“இல்லை. எதற்கு? அவளை நினைத்துக்கொண்டிருக்க நான் ஒருவனாவது வேண்டாமா?”

டாக்டர் மைக்கை அணைத்தார். பிறகு எழுந்து, நான் ஒன்றும் சொல்லாமலே, நேராக வெளியே பெஞ்சுக்குப் போய் மரகதம் அம்மாவின் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. பயந்த மனுஷர் என்று நான் சொன்னதில் மாற்றமில்லை. ஆனாலும் சொன்னார்.

மரகதம் அம்மா கத்தவில்லை, அழவில்லை. திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

“அப்ப நான் யாருகிட்டம்மா பேசிட்டிருந்தேன்?”

“பக்கத்து பெட்ல இருக்கிறவர்மா. பிரான்சிஸ்னு பேரு.”

“எனக்கு ஒரு நாளு சந்தேகம் வந்துச்சு. ‘சாப்பிட்டாயா’ன்னு கேட்டாரு. எங்க வீட்டு மனுஷன் பஸ் டிரைவரு. வீட்டுக்கு வந்தா தட்ட எடுத்து வைக்கலன்னு சத்தம் போடுவாரே தவிர, நீ தின்னியான்னு ஒரு நாளு கேட்டதில்ல. படுக்கைல விழுந்ததும் மனுஷன் மாறிட்டாரு போலன்னு நெனச்சுக்கிட்டேன். மறதி இருக்கும்னு டாக்டரு வேற சொல்லியிருந்தாரா...” அவர் நிறுத்திக்கொண்டார். “சந்தோசமா இருந்துச்சும்மா. அதான் மேக்கொண்டு கேக்கல.”

“முதல் நாளே பேரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தா அவர் ‘நான் அவரில்லை’ன்னு சொல்லியிருப்பாரே.”

“நல்லாச் சொன்னீங்க போங்க! கட்டுன புருஷன எப்படிப் பேரச் சொல்லிக் கூப்பிட? ‘ஏங்க’ன்னுதான் கூப்பிட்டேன்.”

அந்த ‘ஏங்க’ எந்த வாசலில் விழுந்தாலும் அந்த வீட்டுக்காரருக்குப் பொருந்தும். நர்ஸ் கூப்பிடுவதோ ‘சார்’. டாக்டர் சட்டத்துக்காகக் கேட்ட மூன்று தடவை தவிர, ஒரு மாதத்துக்கு மேல் இந்தக் கட்டிடத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நாங்கள் மெஷினைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

மரகதம் அம்மா எழுந்து, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஒன்றாம் கூண்டுக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை. வேண்டுமென்றே சாத்தவில்லை என்றுதான் நினைக்கிறேன். தனியாக அந்தக் குரலைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்திருக்கும்.

“ஏங்க...”

“யார்?”

“நாந்தாங்க.”

“நான்தான் என்றால் யார்? இங்கே எல்லோரும் ஒரே மாதிரி வருகிறீர்கள்.”

“மரகதங்க.”

லைன் போய்விட்டதோ என்று நான் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

“எங்கே போய்த் தொலைந்தாய்?” என்றது செய்தி வாசிக்கிற குரல், நிறுத்தி நிதானமாக.

மரகதம் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். அழுதுகொண்டே எங்களைத் திரும்பிப் பார்த்து, “அவரேதான்,” என்றார். “சந்தேகமே இல்ல. அவரேதான்!”

பிறகு வெகுநேரம் பேசினார்கள். நான் கொஞ்சம் விலகி நின்றேன். ஓசூரில் இருக்கிற மகள் செண்பகத்துக்கு இது பிரசவ மாதம் என்பதும், அப்பாவை விட்டுவிட்டு அம்மா வர முடியாது என்று சொல்லிவிட்டதும், அங்கே அந்தப் பெண் ஒண்டியாகக் கஷ்டப்படுவதும் அவர்கள் பேச்சிலிருந்து என் காதில் விழுந்தது. “போ. ஆனால் சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் இருந்துவிடாதே,” என்று வேலாயுதம் சொன்னதும் கேட்டது.

இரண்டாம் கூண்டுக்குள் நானும் டாக்டரும் போனபோது மத்தியானம் சாய்ந்துவிட்டது. டாக்டர் மைக்கைப் போட்டுக்கொண்டு, “பிரான்சிஸ் சார்,” என்றார்.

மறுபடியும் கூப்பிட்டார்.

“பிரான்சிஸ் சார், நீங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும்.”

“அந்தப் பெயரை ஒருவர் சொல்லி வெகுநாள் ஆகிவிட்டது,” என்றது குரல்.

அவர் வள்ளியூரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவராம். தனி ஆள். விபத்துக்குப் பிறகு சர்ச்சிலிருந்து கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆரம்பத்தில் வந்து பேசினார்கள். அப்புறம் யாரும் வரவில்லை.

“ஏன் சார் சொல்லல, ஆள் மாறிப்போச்சுன்னு?” என்று நான் கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்து, பாதியில் கோபம் போய்விட்டது.

“முதல் நாள் சொல்லலாம் என்று இருந்தேன். அந்த அம்மா பேசிக்கொண்டே இருந்தார்கள். முடிக்கட்டும், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் வந்தார்கள். சொன்னால் நின்றுவிடும் என்று தெரியும். அந்த அம்மாவைத் தவறுதலாக என் கூண்டில் உட்கார வைக்கிறார்கள் என்று நினைத்தேன். அவர்களுக்காக வேறொருவர் காத்துக்கிடப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும்.”

டாக்டர் மெதுவாகக் கேட்டார். “மூச்ச நிறுத்தச் சொன்னீங்களே, அது?”

“மகளுக்குப் பிரசவம், போக முடியவில்லை என்று அந்த அம்மா அழுதார்கள். என்னால்தான் போக முடியவில்லை என்று ஆகிவிட்டது அல்லவா? நான் போய்விட்டால் அவர்கள் போகலாம். நிறுத்தினால் நிற்பது என் மூச்சு என்றுதான் நினைத்தேன் டாக்டர். வேறு யாருடையதாவது நிற்கும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா?”

யாரோ ஒருவரின் மனைவி தன் மகள் வீட்டுக்குப் போகட்டும் என்று தன் உயிரைக் கொடுக்க ஒருவர் மூன்று தடவை சம்மதித்திருக்கிறார். அதில் இன்னொருவர் செத்திருப்பார். இதை நல்லது என்று சொல்வதா, கெட்டது என்று சொல்வதா? எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

சட்டப்படி டாக்டர் கேட்டாக வேண்டும். கேட்டார். “பிரான்சிஸ் அவர்களே, இப்போ உங்க பேர்ல கேக்கறேன். இன்னமும் அதே விருப்பம்தானா?”

குரல் யோசித்தது.

“அந்த அம்மாவின் மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா?”

“இன்னும் இல்ல.”

“அப்படியானால் இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. என்ன குழந்தை என்று தெரிந்த பிறகு சொல்கிறேன்.”

அன்றைக்கே டாக்டர் நடந்ததை மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். விசாரணை வந்தது. தங்கபுஷ்பத்துக்கும் அவருக்கும் கண்டனம் வந்தது, இல்லத்தை மூடவில்லை. பேச்சுப்பெட்டியை யாரும் திறக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள். பூஜைக்குப் பொட்டு இனி வெளித் தகரத்தில்தான்.

பொங்கலுக்கு முன்னாலேயே செண்பகத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஓசூரிலிருந்து மரகதம் அம்மாதான் எனக்குப் போன் பண்ணினார். தாயும் பிள்ளையும் சுகம் என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிட்டேன். ரெண்டாம் நம்பர் அண்ணன்கிட்ட மட்டும் யாரும் சொல்லாண்டாம். நர்ஸம்மாகிட்டயும் டாக்டருகிட்டயும் சொல்லிருக்கேன். நீங்களும் வாயத் தொறந்திராதீங்க.”

“பொய் சொல்லச் சொல்றீங்களாம்மா?”

“ஆமா.”

அவர் ஊர் திரும்பிய பிறகு தினமும் ஒன்றாம் கூண்டில் அரை நாள், இரண்டாம் கூண்டில் கொஞ்ச நேரம் என்று பேசிவிட்டுப் போகிறார். வேலாயுதம் கொஞ்சம் முணுமுணுத்தாராம், பிறகு “போய்ப் பேசு, ஆனால் அவரிடம் என்னைப் பற்றிக் குறை சொல்லாதே” என்றாராம். பிரான்சிஸ் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்கிறார். ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். தை போயிற்று, பங்குனி போயிற்று, ஈஸ்டர் போயிற்று. ஒரு பிள்ளை எத்தனை மாதம் வயிற்றில் இருக்கும் என்று தெரியாத மனுஷரா அவர்?

போன வாரம் சிஸ்டத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். செண்பகம் குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தாள். வேலை முடிந்து இரண்டாம் கூண்டில் லைனைச் சோதித்துக்கொண்டிருந்தபோது குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, அம்மாவும் மகளும் ஒன்றாம் கூண்டுக்குள் போனார்கள். குழந்தை மைக் ஒயரைப் பிடித்து இழுத்துக் கத்தியது. அர்த்தமில்லாத சத்தத்தை மெஷின் அனுப்பாது. எனக்குத் தெரியும், ஆனாலும் மனசு திக்கென்றது.

“சார், லைன் எப்படி இருக்கு?”

“நன்றாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டதா?”

குழந்தை என் விரலைக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பல் முளைத்திருக்கிறது.

“இன்னும் இல்ல சார்,” என்றேன்.

“சரி,” என்றது குரல். “அவசரம் ஒன்றும் இல்லை.”